வேட்டைத் தோட்டாவும் எளியவன் கணக்கும்

திருவொற்றியூரில் 'புல்லட்' என்ற சொல்லைக் கேட்டவுடன் துப்பாக்கிக் குண்டை நினைப்பவர் ஒருவரும் இரார். 1955-ஆம் ஆண்டில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி எங்கள் ஊரில் தொழிற்சாலை அமைத்து மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய காலம் முதல், அந்தச் சொல் அந்த வண்டிக்கே உரிய பெயராகிவிட்டது. ஆனால் அவ்வண்டியின் குலமுத்திரை பீரங்கி என்பதையும், 'துப்பாக்கியைப்போல் செய்யப்பட்டது' என்பதே அதன் பழைய விளம்பர வாசகம் என்பதையும், இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்னும் ஊரிலிருந்த அரசாங்க ஆயுதச்சாலைக்கு 1893-ஆம் ஆண்டுவாக்கில் நுட்பமான உதிரிப் பாகங்களைச் செய்து கொடுத்த சைக்கிள் உற்பத்தியாளர்கள், அந்த உறவைப் பெருமையாகக் கருதித் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று நாமகரணம் செய்தார்கள் என்பதையும் அறிந்தவர்கள் சிலரே. அதே ஆயுதச்சாலையின் பெயரைத் தாங்கிய லீ-என்ஃபீல்டு ரைபிளின் அமைப்பில் இஷாப்பூரில் செய்யப்பட்ட .315 வேட்டைத் துப்பாக்கி ஒன்று, என் தமையனாரின் வீட்டு இரும்புப் பீரோவில் பல ஆண்டுகள் சுடப்படாமலே இருந்தது. அவர் காலமானபின் சட்டம் சொல்லுகிறபடி அதை உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் தன் பெயருக்கு லைசென்ஸ் கோரி விண்ணப்பித்திருக்கிறான் அவர் மகன். மணலியில் ஷிப்டு வேலை, இரண்டு பிள்ளைகள், மாதக் கடைசியில் கையிருப்பை எண்ணிப் பார்த்துச் செலவு செய்கிற குடும்பம்.

ஒரு மாலை அவன் என்னிடம் வந்து, "சித்தப்பா, லைசென்ஸ் என் பேருக்கு வந்ததும் அப்பாவோட .315-ஐக் குடுத்துட்டு .30-06 வாங்கிடலாம்னு பார்க்கிறேன். அது நல்ல தோட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். வேட்டை சட்டவிரோதமாகாத அந்தக் காலத்தில், ஊத்துக்கோட்டைக்கு அப்பால் எங்களுக்கிருந்த நிலக்கடலைக் கொல்லையில் தமையனாரோடு இரவுக் காவலுக்குப் போய்ப் பரணில் விழித்திருந்தவனும் நானே. அவனுக்குச் சொன்ன விடையைப் பத்திரிகையில் எழுதத் துணிந்தது, அந்த விடை யோசிக்க யோசிக்க ஒரு வீட்டு விஷயமாக நில்லாமல், வடசென்னைப் பிள்ளைகள் அனைவரையும் தொடும் பொதுக் காரியமாக வளர்ந்துவிட்டதனால்தான்.

.315 என்னும் அளவு, அதாவது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம், நம் நாட்டுக்கு வந்த வரலாற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் அதை வேட்டைக்காரன் எவனும் தன் இச்சைப்படி தேர்ந்தெடுத்ததில்லை. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இன்றி இந்தியன் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று விதித்து, ஐரோப்பியருக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு அளித்தது. அதற்கு மேலும் ஓர் அச்சம் ராஜாங்கத்தாரை வாட்டியது: படை வீரனிடமிருந்து களவு போன துப்பாக்கிக்கு, கடையில் விற்கும் வேட்டைத் தோட்டாவே இரையாகிவிட்டால் என் செய்வது? ஆகவே, ராணுவம் கையாண்ட .303, அதாவது த்ரீ நாட் த்ரீ, பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களுக்கு உதவிவிடுமோ என்ற பயத்தால் 1907-இல் .450 என்னும் பெருவேட்டை அளவும் தடுக்கப்பட்டது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர்கள் உடனே .465, .470 என்று புது அளவுகளைக் கண்டு, மகாராஜாக்களுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் குறை வராமல் பார்த்துக்கொண்டார்கள். எளிய உரிமக்காரனுக்கு வந்து சேர்ந்ததோ, 1890-வாக்கில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்காக உருவாக்கப்பட்ட 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டா. ஆங்கிலப் படையின் துப்பாக்கி எதிலும் அது பொருந்தாது என்பதுதான் அதன் தலையாய தகுதி. பர்மிங்ஹாமில் ஆங்கில அமைப்போடு இந்த அயல்நாட்டுத் தோட்டாவைப் பொருத்தி இந்தியச் சந்தைக்கென்று ரைபிள்கள் செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் நம் இஷாப்பூர் தொழிற்சாலை அதையே தொடர்ந்து செய்தது. ஆளுகிறவர்களின் அச்சத்திலே பிறந்த தோட்டாவை ஆளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. சட்டங்கள் மாறியபின்னும் அவற்றின் வார்ப்புகள் எவ்வளவு காலம் நிலைத்துவிடுகின்றன!

இனி, என் அண்ணன் மகன் விரும்புகிற .30-06-ஐப் பார்ப்போம். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டதால் அந்த '06' என்னும் வால் அதற்கு வந்தது. அதன் வழக்கமான வேட்டைக் குண்டு 12 கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையோடு விநாடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்; .315-இன் குண்டோ ஏறக்குறைய 16 கிராம் எடையோடு 600 மீட்டர் வேகத்தை ஒட்டிச் செல்லும். முன்னது நெடுந்தூரம் நேர்கோட்டில் போகும். பின்னது பாரமாய், மெதுவாய், கிட்டத்திலே வேலையை முடிக்கும். 300 மீட்டருக்கு அப்பால் மலைச்சரிவில் நிற்கும் விலங்கைக் குறிவைக்கிறவனுக்கு இந்த வேறுபாடு பெரிது. கொல்லை ஓரத்துப் பரணில் இருந்துகொண்டு 50 மீட்டரில் பன்றியைப் பார்க்கிறவனுக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது; தோளில் விழும் உதை மாத்திரம் தெரியும்.

பெரிய தோட்டாதான் பெரிய வேட்டைக்காரனை ஆக்குகிறது என்ற மயக்கத்துக்கு மருந்தாக இரண்டு மனிதர்களை அவனுக்கு நினைவூட்டினேன். ஒருவர் குமாவூன் மலைநாட்டு ஜிம் கார்பெட். சம்பாவத்தில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிள் .275 அளவினது, அதாவது 7 மில்லிமீட்டர், குண்டின் எடை 9 கிராம் அளவே. மற்றவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரியும் தேன்கனிக்கோட்டையும் பென்னாகரமும் சேர்ந்திருந்த பழைய சேலம் ஜில்லாவின் காடுகளைத் தம் எழுத்திலே நிலைக்கச் செய்தவர். விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஜீவித்தவரேயன்றிச் சமஸ்தானாதிபதி அல்லர். 1904-இல் வெளிவந்த .405 வின்செஸ்டர் தோட்டாவைக் கொள்ளும் ஒரு பழைய ரைபிளையே அவர் மிகுதியும் நம்பியிருந்தார். புதியன வந்தபோதும் அதை அவர் விட்டுவிடாமைக்குக் காரணம், இருளில் கை போன இடமெல்லாம் அதன் உறுப்புகள் அவருக்குப் பழகியிருந்ததுதான் என்று நான் எண்ணுகிறேன்.

ஆனால் ஆண்டர்சனின் .405 இன்னொரு பாடத்தையும் சொல்லுகிறது. அந்த ரைபிளின் உற்பத்தி நின்றது. பிறகு தோட்டாவின் உற்பத்தியும் நெடுங்காலம் நின்றுபோயிற்று. தோட்டா நின்ற துப்பாக்கி, எத்தனை கீர்த்தி வாய்ந்ததாயினும், மரப்பிடி போட்ட இரும்புக் கம்பியே. ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு இது புதுச் செய்தி அன்று. யந்திரத்தின் விலையை ஒருமுறை கொடுத்துவிடலாம். அதன் உதிரிப் பாகம் எங்கிருந்து, எத்தனை காலத்துக்கு வரும் என்பதை விசாரியாமல் வாங்கிய யந்திரங்கள் ஆண்டுக்கணக்காகத் தார்ப்பாய்க்கடியில் கிடந்ததை நான் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்கள் துப்பாக்கி இறக்குமதி செய்துகொள்ளும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. ஆகவே .375, .275 என்று புகழ்பெற்ற அளவுகள் எல்லாம் பழைய குடும்பங்களின் பெட்டிகளில் கைக்குக் கை மாறுகின்றனவே தவிர, அவற்றுக்குத் தோட்டா தேடுவது மருந்தில்லாத நோய்க்கு வைத்தியம் தேடுவதைப் போன்றது. நம் தொழிற்சாலைகள் செய்கிற அளவுகளுக்குள் நின்றால்தான் உண்டு. .315, .30-06 இரண்டுமே அந்த வட்டத்துக்குள் அடங்கியவை. இரண்டுமே பொதுத்துறை ஆயுதச்சாலைகளின் கையை எதிர்பார்ப்பவை. அந்த ஆயுதச்சாலைகளை ஆண்ட வாரியம் 2021 அக்டோபர் முதல் தேதி கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தது. 1869-இல் தொடங்கிய கட்கித் தோட்டாத் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றன்கீழ்ச் சேர்ந்தது. ஆதலால் .315-ஐ விட்டு .30-06-க்குப் போகிறவன் ஒரே கிணற்றில் வாளியை மாற்றிக்கொள்கிறவன்தான். வாளியின் விலை மட்டும் கைநட்டம்.

இந்தக் கணக்கில் எங்கள் கடற்கரைக்கே உரிய ஒரு செலவும் உண்டு. அதைத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் யாரும் எழுதுவதில்லை. எண்ணூர் உப்பளங்களின் மேலாகவும் காசிமேட்டுக் கரையின் மேலாகவும் வீசி வருகிற காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது. சைக்கிள் சக்கரத்தைத் தின்கிறது. துப்பாக்கிக் குழலை மாத்திரம் விட்டுவைக்குமா? போதாததற்குப் பழைய தோட்டாக்களின் உள்ளேயே உப்பு பிறந்துவிடுகிறது. தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பில் முற்காலத்தில் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்ப்பார்கள். விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்த தீப்பெட்டித் தொழிற்சாலையில் குச்சியின் தலைக்கு வேண்டியிருந்ததும் அதே சரக்குத்தான். தட்டியவுடன் அது சிதைந்து பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்துவிடும். அது சமையல் உப்பின் உடன்பிறப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சில நாட்களிலேயே குழலுக்குள் செந்துரு பூத்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று எண்ணுகிறவர் ஏமாந்துபோவர். உப்பு எண்ணெயில் கரைவதில்லை. கொதிக்கும் வெந்நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெயிட வேண்டும். தமையனார் இந்தக் கிரமத்தை ஒருநாளும் தவறவிட்டதில்லை. கொல்லையிலிருந்து விடியற்காலையில் திரும்பினால், தமக்குக் காபி வருவதற்கு முன்னால் துப்பாக்கிக்கு வெந்நீர் வந்தாக வேண்டும் என்று அண்ணியாரிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் அடுப்பில் முதலில் ஏறியது அந்தப் பாத்திரம்தான். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசினாக இறுகிவிடும் என்பதையும் அவரிடமே கற்றேன். புதிய வகைக் கேப்புகளில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெட்டியில் கிடக்கும் பழைய தோட்டா எந்த வகை என்று அறியாதவன் வெந்நீரை மறக்கலாகாது.

இத்தனையும் கேட்டபின், "அப்போ .315-ஐயே வெச்சுக்கட்டுமா?" என்றான். அங்கேதான் நான் நிறுத்தினேன். எதற்காக வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு இருவரிடமும் விடையில்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே இந்த நாட்டில் வேட்டை என்னும் பொழுதுபோக்கு முடிந்தது. முடிந்தது நன்மைக்கே என்பது, பரணில் விழித்திருந்த எனக்கும் மனப்பூர்வமான அபிப்பிராயம். காட்டுப்பன்றியால் பயிர் அழிவது உண்மை. அந்த விவசாயியின் துயரம் பெரிது. ஆனால் அதற்கும் தனிமனிதன் தன் மனம்போலத் துப்பாக்கி தூக்க வழியில்லை. 2025-இன் தொடக்கத்தில் தமிழக அரசு வெளியிட்ட ஆணையின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட தொலைவில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளரே செய்ய வேண்டும். கேரளத்தில் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களை அழைத்துக்கொள்ள வழி செய்தார்கள். நம் மாநிலத்து முறையையே நான் ஆதரிக்கிறேன். ஒரு .30-06 குண்டு குறி தவறி மேல்நோக்கிப் போனால் நான்கைந்து கிலோமீட்டர் கடந்து விழக்கூடும்; திருவொற்றியூரில் புறப்பட்டால் தண்டையார்பேட்டையில் யாருடைய கூரையிலாவது போய் இறங்கும். சிறிய .22 கூட ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் உயிருக்கு ஆபத்தானது. அத்தகைய பொருளைப் பழக்கமில்லாத கையில், இருட்டில், ஊர்களுக்கு நடுவே கொடுப்பதை நான் ஒப்ப மாட்டேன்.

பழக்கம் என்ற இந்த இடத்துக்கு வந்தபோதுதான் கணக்கு முழுவதும் எனக்கு விளங்கியது. இரவுக் காவலுக்குப் போன நாட்களில்கூட என் தமையனார் அந்த .315-ஐ ஆண்டுக்கு ஐந்து முறை சுட்டிருந்தால் அதிகம். தோட்டாவின் விலையும், லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கையும் அவர் கையைக் கட்டின. ஐந்து தோட்டாவில் அப்பியாசம் வருவதில்லை. அப்பியாசமில்லாதவனுக்கு .315 என்றாலும் .30-06 என்றாலும் .375 என்றாலும் ஒன்றே. குறி தவறுவதற்கு எல்லா அளவும் சமம்.

கார்பெட் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது நடந்ததை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தந்தை நைனிதாலில் போஸ்ட்மாஸ்டர், 1881-இல் காலமாகிவிட்டார், தாயார் பெரிய குடும்பத்தைச் சிக்கனமாக நடத்தி வந்தார். பள்ளிப் பயிற்சிப் படையில் இருந்த அந்தச் சிறுவனுக்கு, படையின் சார்ஜெண்டு ஒருவர் .450 மார்ட்டினி ரைபிளை இரவலாகக் கொடுத்து, வேண்டிய தோட்டாக்களையும் தந்தார். துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருப்பதும் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தருவதுமே நிபந்தனை. பிற்காலத்தில் எத்தனையோ உயிர்களைக் காத்த அந்தக் கைகளுக்கு முதல் மூலதனம் போட்டது அவர் குடும்பத்து வருமானம் அன்று. பொதுப் பணத்தில் வந்த இரவல் தோட்டாக்களே.

அது பழங்கதை என்று சொல்லுகிறவர்களுக்கு நேற்றைய கதையும் உண்டு. 2024 ஆகஸ்டு முதல் தேதி பாரீஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் .22 தோட்டாவால் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, அப்போது மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மகாராஷ்டிர அரசின் 'கிரீடா பிரபோதினி' என்னும் விளையாட்டுத் திட்டத்தில் சேர்ந்து வளர்ந்தவர். 2008-இல் பெய்ஜிங்கில் காற்றுத் துப்பாக்கியால் தங்கம் வென்ற அபினவ் பிந்திராவுக்கு வீட்டிலேயே சுடுதளம் அமைத்துக் கொடுக்கத் தந்தையார் இருந்தார். குசாலேக்கு ஓர் அரசாங்கம் இருந்தது. 1856-இல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்தில், ரயில்வேக் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய மைதானம் அன்று. காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் தூரம் 10 மீட்டர், குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர், ரவை 4.5 மில்லிமீட்டர், எடை அரை கிராம். தொழிற்சாலைகள் மூடிய பிறகு எங்கள் சாலையோரத்தில் வெறுமனே நிற்கிற கிடங்குகளுள் ஒன்றில் இதற்குப் போதுமான நீளம் உண்டு. இந்த அளவுடையதும் வரையறுத்த சக்திக்கு உட்பட்டதுமான காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸே தேவையில்லை. அதில் தேறியவன் .22-க்குப் போகலாம், அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பின் அங்கத்தினன் குறிப்பயிற்சிக்காகக் கேட்டால் உரிமம் தர வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே சொல்லுகிறது. துப்பாக்கி இரவல்; ரவை இலவசம்; சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர்; சுவருக்கு முன்னால் இரும்புத் தடுப்பு. குத்துச்சண்டையிலும் கால்பந்திலும் பேர் வாங்கிய இந்தப் பகுதியின் பிள்ளைகளுக்கு, உடல் வலிமையைவிட மூச்சடக்கமும் பொறுமையும் வேண்டுகிற இந்த வித்தை வராது என்று எவரேனும் சொன்னால், அவர் எங்கள் பிள்ளைகள் தூண்டில் போட்டுக் காத்திருப்பதைப் பார்க்காதவர்.

மாநகராட்சியும் விளையாட்டுத் துறையும் இதை ஒரு விண்ணப்பமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். அண்ணன் மகன் .315-ஐ விற்றுவிட முடிவு செய்துவிட்டான்; .30-06-க்கென்று சேர்த்த தொகையில் பெரிய மகளுக்கு ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கலாமா என்று இப்போது கேட்கிறான். வாங்கு என்றேன், ஆனால் மாடி வீட்டின் நடைவழியில் வைத்துச் சுட விடாதே, இடம் வரும்வரை பொறு என்றும் சொல்லியிருக்கிறேன். இடம் வந்தால், ரவை வரவும் செலவும் எழுதவும், .22 வரும் நாளில் வெற்றுக் கூடுகளை எண்ணி வாங்கி வைக்கவும், 34 ஆண்டுகள் பேரேடு எழுதிய ஒரு கிழவன் சம்பளமில்லாமல் தினமும் மாலை நான்கு மணிக்கு வந்து உட்காரத் தயாராக இருக்கிறான்.